பந்தல் எட்டு மணிக்குத் திறக்கும்

என் அசட்டுத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்க்காத தருமத்துக்குப் பாராட்டுரை எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு சென்னையில் ரயிலேறியவன் நான். ஆம்பூரில் ஒரு தரும சங்கம் ஏழைகளுக்கு இலவசமாகத் தண்ணீர் ஊற்றுகிறது; அந்தத் தொண்டின் மதிப்பைக் கணக்கிட்டுப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்று அதன் காரியதரிசி அழைத்திருந்தார். கணக்கில் நான் பள்ளிக்கூடத்திலிருந்தே பூஜ்யம். பொருத்தமான ஆளைத்தான் பிடித்தார்.

காலை ஆறு மணி. காட்பாடியில் வண்டி மாறி, முப்பது மைல் சொச்சம் மரப்பலகையில் குலுங்கி வந்து இறங்கினேன். ஜட்காவுக்கு இரண்டணா.

"இன்னா சார், தண்ணிப் பந்தல் பாக்கவா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க?" என்று ஜட்காக்கார பாய் சிரித்தார். "அங்க தண்ணி கம்மியா?"

ஆறரை மணி. பந்தல் பூட்டிக் கிடந்தது. வெளியே குடங்களோடு பெண்கள். முதலில் நின்ற முனியம்மாள், தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பவள்.

"எப்பம்மா திறப்பாங்க?"

"எட்டு மணிக்கு. ஷாப்புல ஏழு மணிக்கே மணி அடிச்சிடுவாங்க. லேட்டாப் போனா அரை நாள் கூலி புடிச்சிப்பாங்க."

"அப்புறம் ஏன் நிக்கறே?"

"வூட்ல புள்ளைங்க கீது. கெணத்துத் தண்ணி குடிச்சா பேதியாவுது."

பக்கத்திலிருந்த அவர்கள் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். கிணற்றை ஒட்டி, ஷாப்புத் தோலிலிருந்து உதறிய உப்பு ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். குமட்டியது. பாராட்டுரை எழுதியவனுக்கு அது வேண்டியதுதான்.

பந்தலுக்குத் திரும்பினேன். ஏழுக்கு ஷாப்பு மணி அடித்தது. முனியம்மாள் அசையவில்லை.

எட்டேகால். தொண்டர்கள் இட்லி மணக்க வந்து சேர்ந்தார்கள். காரியதரிசி எனக்கு மாலை போட்டார். "அத்தனையும் கூலி வாங்காத உழைப்பு, சார்! சம்பளம் குடுத்தா எவ்வளவு ஆகும், யோசிங்க!"

"இவங்க இழக்கிற கூலியை யோசிச்சீங்களா? ஆறு மணிக்குத் திறந்தா என்ன?"

"தொண்டர்களாச்சே! சம்பளமா தர்றோம், சீக்கிரம் வான்னு அதட்ட?"

"அந்த உப்பையாவது வேற இடத்துல கொட்டச் சொல்லக் கூடாதா?"

"ஷாப்பு முதலாளிதானே சார், நம்ம சங்கத்துத் தலைவர்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிணற்றைக் கெடுத்தவன் குடம் தண்ணீர் ஊற்றினால் அது தருமமாம்! அந்தக் குடத்துக்கு அரை நாள் கூலியைத் தொலைத்தவள் இலவசம் வாங்குகிறவளாம்! சென்னையில் அந்தக் காசுக்குச் சோடா குடித்து ஏப்பமும் விடலாம்.

பாராட்டுரையைக் கிழித்துப் போட்டேன். பெரிய வீரன் என்று நினைப்பு. குடத்தை இடுப்பில் ஏற்றிய முனியம்மாளிடம் போய், "வாம்மா, முதலாளிகிட்ட உப்பை எடுக்கச் சொல்லி நீயே கேளு. நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன்.

"நீங்க சாயங்கால வண்டிக்குப் போய்டுவீங்க, சாமி."