பஞ்சமத்துக்குப் பட்டாணி

நான் பார்க்கும் வேலையை அருப்புக்கோட்டையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. எங்கெங்கோ இருக்கும் பாட்டுக் குழுக்களுக்கு இசைத்தாள் அச்சுக்கோத்துக் கொடுக்கிறேன். ஐந்து கோடுகள், அவற்றின் மேல் சுரங்கள், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கருப்புத் தலை. என் மென்பொருளில் எதையும் மௌஸால் இழுத்து வைக்க முடியாது, எல்லாவற்றையும் நிரலாக எழுதித்தான் வரவழைக்க வேண்டும். பெண் பார்க்கப் போனபோது "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவைத்தோம், அது அப்படியே நின்றுவிட்டது. கரண்டு போனால் மட்டும் "பாவம், இவுகளுக்கு வேலை ஓடாதே" என்று வீட்டில் எல்லோருக்கும் என்மேல் பரிதாபம் வரும்.

இந்த வேலை குடும்பத்துக்குப் பயன்பட்டது ஒரே ஒரு முறை. அதற்குக் காரணம் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். பாலவனத்தத்தில் பயறு பருப்புக் கடை வைத்திருக்கிறார். மகளின் நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தியம்மா மதுரையில் பாட்டு டீச்சர் என்று தெரிந்ததும் மச்சானுக்கு என்ன வந்ததோ, மைக்கைப் பிடுங்கி, "ரிசப்சன்ல எம் மகளுக்கு நானே கீபோர்டு வாசிப்பேன்" என்று அறிவித்துவிட்டார். அதுவரை அவர் கீபோர்டைத் துடைக்கக்கூடத் தொட்டதில்லை.

வாசிக்க வேண்டிய மெட்டு அவரிடம் இருந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கடைத் தராசுத் தட்டில் துண்டை விரித்துப் படுக்கவைத்து முனகிய மெட்டு. வார்த்தை கிடையாது. குரலும் கிடையாது, தரையில் சாக்கு இழுக்கிற சத்தம்தான் வரும். மாப்பிள்ளைப் பையனுக்கு வடக்கே வேலை, கல்யாணம் முடிந்த மறுவாரமே மகளும் போகிறாள். "அவ போறதுக்குள்ள ஒரு தடவ அவ காதுல விழுந்துரணும் மாப்ள. அம்புட்டுதேன்" என்றார். உடனே உட்கார்ந்து, அந்த முனகலைக் கேட்டு, அழகாக அச்சுக்கோத்துக் கொடுத்தேன்.

தாளைப் பார்த்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "என்ன மாப்ள, எல்லாம் ஒரே கருப்பு உளுந்தா இருக்கு? எது எதுன்னு எப்பிடி எடுக்க?"

"கோட்டைப் பாருங்க மச்சான். எந்தக் கோட்டில் இருக்குன்னு பார்த்தா போதும்."

"சாக்குல இருக்க கோட்டப் பாத்தா சரக்கு வாங்குறோம்? சரக்கத்தேன் பாக்கணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உலகம் முழுக்கப் படிக்கிற தாளை இந்த மனிதர் உளுந்து என்கிறாரே என்று இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் குளிக்கும்போது உறைத்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. பத்தடி தூரத்திலிருந்து பயறின் ரகத்தைச் சொல்லும் கண் அவருக்கு. அந்தக் கண்ணுக்கு ஏற்ற தலையை நான்தான் வைக்க வேண்டும்.

சுரத்தலையை மாற்றுவது நிரலில் பெரிய காரியமில்லை. சுரம் எதுவென்று பார், அதற்குரிய படத்தைத் தலையாக வை என்று பத்துப் பன்னிரண்டு வரி எழுதினால் போதும். மச்சானின் நிபந்தனை ஒன்றுதான், சல்லடையில் சலித்த மாதிரி சின்னதிலிருந்து பெரிதாக வரிசை போக வேண்டும். ஆகவே சட்ஜமான ச எள், ரி கம்பு, க பாசிப்பயறு, ம துவரை, பஞ்சமமான ப பட்டாணி, த கொண்டைக்கடலை, நி மொச்சை. மேல் சட்ஜத்துக்குக் குண்டு மிளகாய் வத்தல், உச்சத்தில் காரம் இருக்க வேண்டுமாம். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டுல எள்ளா? உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கத்தினாள். துக்க வீட்டுக்கல்லவா எள் என்று அப்போதுதான் நினைவு வந்தது. நிரலில் ஒரு சொல்லை மாற்றினேன், சட்ஜம் கடுகானது.

முதல் தாளை மச்சான் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தலைக்கும் மென்பொருள் தானாகவே ஒரு தண்டு போட்டிருந்தது. "பூராம் மொளவிட்டுருச்சு மாப்ள, இத எவன் வாங்குவான்?" தண்டுகளை மறைக்க இன்னொரு வரி எழுதினேன். தண்டு போனால் எந்தச் சுரம் எவ்வளவு நேரம் என்பதும் போய்விடும். பரவாயில்லை, தாளம் அவர் தொண்டையிலேயே இருந்தது.

அதன்பின் அவர் படித்த வேகம் நான் எதிர்பார்க்காதது. துவரை மூட்டைமேல் கீபோர்டை வைத்து, ஒவ்வொரு கட்டையிலும் அந்தந்தப் பயறைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டார். ஒரு காலையில் போன் வந்தது. "மாப்ள, பஞ்சமத்த எலி தின்னுருச்சு." வேறு பட்டாணி ஒட்டச் சொன்னேன். ஆனால் ஒரு மாதம் வாசித்தும் தாளைப் பார்க்காமல் அவரால் ஒரு சுரம்கூடத் தொட முடியவில்லை. கடைப் பழக்கம் அது. மகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே கல்லாப் பக்கம் நின்று வாடிக்கையாளர் லிஸ்டை உரக்கப் படிப்பாள். அவர் அள்ளிப் போட்டுவிட்டு "அடுத்து?" என்பார். லிஸ்ட் இல்லாமல் அவர் கை எதையும் அள்ளாது.

ரிசப்ஷன் அன்று காலையில், கடைசியாக ஒருமுறை வாசித்துப் பார்க்கக் கடையைத் திறந்தவர், யாருக்கோ கடுகு மடிக்கக் கைக்கு அகப்பட்ட தாள்களை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டார். அது என் நாலு பக்க இசைத்தாள். பயந்துபோய் என்னிடம் சொல்லாமல், போனில் இருந்த கோப்பைக் கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். மண்டப ஃபேனில் நாலு தாளும் பறக்குமே என்று, "நாலையும் ஒரே தாள்ல அடக்கிருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் அடக்கிவிட்டார்கள்.

மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. பட்டு வேட்டியில் மச்சான் மேடை ஓரம் கீபோர்டின் முன் உட்கார்ந்தார். சம்பந்தியம்மா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் சுரம் வந்ததுமே அவர் முன்னால் இருந்த ஒற்றைத் தாளை எட்டிப் பார்த்தேன். நிறமில்லாத ஜெராக்ஸில் மச்சானுக்குச் சரக்கை அளவை வைத்துத்தான் தெரியும். சுருங்கிய தாளில் கொண்டைக்கடலை அவருக்குப் பட்டாணி, பட்டாணி துவரை, குண்டு வத்தல் வெறும் மொச்சை. ஒவ்வொரு சுரமும் ஒரு படி கீழே இறங்கி வந்தது. கடுகைத் தூசி என்று நினைத்து நடுவில் இரண்டு முறை தாளை வாயால் ஊதினார். தாலாட்டு அப்படியே ஒப்பாரியாகிவிட்டது. பந்தியில் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

மச்சான் நிறுத்தினார். மைக் திறந்தே இருந்தது. "சரக்கு மாறிப்போச்சு" என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஊர் முன்னால் வெட்கப்பட்டதைவிட, மகள் காதில் இது விழுந்துவிட்டதே என்றுதான் அந்த முகம் இருந்தது.

நான் என் போனில் முழு அளவுத் தாளைத் திறந்துகொண்டு ஓடினேன். அவர் விரல் பட்டதும் பக்கம் எங்கோ ஓடியது. அதற்குள் மணப்பெண் மாலையோடு இறங்கி வந்துவிட்டாள். "குடுங்க மாமா" என்று என் கையிலிருந்து போனை வாங்கினாள். ஒரு நிமிடம் பார்த்தாள். அவள் வாய் கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு அப்பாவுக்குப் பக்கத்தில், கல்லா ஓரம் நிற்பது போலவே நின்று, உரக்கப் படித்தாள்.

"பட்டாணி."

மச்சான் தாளை மடியில் போட்டார். கை தானாகப் பட்டாணிக்குப் போனது. "அடுத்து?"

"கொண்டக்கடல. பட்டாணி. தொவர, தொவர. பாசிப்பயறு."

மைக்கில் மளிகை லிஸ்ட் ஓடியது, பின்னாலேயே மெட்டு வந்தது. முதலில் இளவட்டங்கள் சிரித்தார்கள். "குண்டு வத்தல்" என்றதும் பந்தியே சிரித்தது. சம்பந்தியம்மா மட்டும் சிரிக்காமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, "இது எந்தப் பாடமுறை?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். "பாலவனத்தம் முறை" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மூன்றாம் வரியில் மகளுக்கு மெட்டு அடையாளம் தெரிந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், படிக்கும் குரல் மெட்டோடு சேர்ந்து ஏறி இறங்க ஆரம்பித்தது. கடைசி வரியில் அவள் போனைப் பார்க்கவே இல்லை.

"கம்பு" என்றாள். "கடுகு."

மச்சான் கடுகைத் தொட்டார். "அடுத்து?"

"அம்புட்டுதேம்ப்பா. லிஸ்டு முடிஞ்சிருச்சு."

அவர் விரலை எடுக்கவில்லை. அந்த ஒற்றைச் சுரம் மண்டபத்தில் நீண்டுகொண்டே இருந்தது.

"நல்லாப் பாரு தாயி" என்றார். "கீழ இன்னும் ஏதாச்சும் எழுதியிருக்கும்."