ஒரே அழுத்தலில் ஊருக்கெல்லாம் மன்னிப்பு

மக்காவுக்கு உம்றாப் பயணிகளை அனுப்பும் கந்தோரில் இருந்தால் ஒன்று விளங்கும்: மௌத்துக்கு, அதாவது மரணத்துக்கு, தயாராகிறவர் குறைவு, மௌத்துக்குப் பொதி கட்டுகிறவர் அதிகம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான், அரச வேலை கிடைக்கும்வரை என்று மன்னார் நகரில் இந்தக் கதிரையில் உட்கார்ந்தேன், இன்னும் எழும்பவில்லை. வாடிக்கையாளருக்குச் சிரித்துச் சிரித்தே கன்னம் நோகிறவர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும். உதாரணத்துக்குச் சிலாவத்துறை ஹாஜியார் ஒருவர் போதும்.

நீளத் துணி

சீமெந்துக் கடை வைத்திருக்கும் அவர், வந்த அன்றே மௌத்தானால் உடலைச் சுற்றும் கஃபன் துணியைப் பற்றித்தான் கேட்டார். மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவர வேண்டுமாம். வழிபாட்டு முறைகளைச் சொல்லித்தரும் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அழைத்தேன், நேரமில்லை என்றார். துணிக்கு மட்டும் நேரம் இருந்தது. எழுந்து நின்று தன் உயரத்தைக் காட்டினார்.

"நல்ல நீளமா எடுக்கோணும் மகள். கால் வெளிய தெரிஞ்சால் சனம் என்ன கதைக்கும்?"

யன்னல் பக்கம்

மதீனாவிலேயே மௌத்தாகி அங்கேயே அடங்க வேண்டும் என்று ஒருநாள் கந்தோர் முழுக்கக் கேட்கும்படி துஆ செய்தார். கண்கூடக் கலங்கியது. ஏமாந்துபோய் நானும் ஆமீன் சொன்னேன். லேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"திரும்பி வரேக்க யன்னல் பக்கச் சீட் போடுங்கோ மகள்."

மன்னிப்பு

பயணத்துக்கு முன் வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். திரும்பாமலும் போகலாம் அல்லவா? மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்பது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். ஹாஜியார் வீடு ஏறவில்லை. 'தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை அல்லாஹ்வுக்காக மன்னியுங்கள்' என்று என்னை எழுதவைத்து, பின்னால் கஃபாவும் முன்னால் தன் படமும் போடவைத்து, ஒரே அழுத்தலில் ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இதயங்கள் வந்து குவிந்தன.

"இனிப் பயமில்லாம மௌத்தாகலாம்."

பழைய போன்

இரண்டு நாளில் அவருடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா, வந்தார். மன்னார் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வருகிறவர். படியேறவே மூச்சு வாங்கியது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்திலிருந்து அவர்கள் குடும்பம் மீளக் குடியேறியபோது, தங்கள் வாப்பாவின் காணிக்குக் குறுக்கே ஹாஜியார் வேலி போட்டார். கிணறு அவர் பக்கம் போனது. அன்றோடு பேச்சும் நின்றது. ராத்தா போனை நீட்டினார்.

"எல்லாருக்கும் வந்திருக்காம் மகள். எனக்கும் அனுப்பியிருப்பான், போன் பழசு, காட்டுதில்ல போல. மன்னிச்சிட்டன் எண்டு பதில் போடோணும். நான் கனநாள் இருக்கமாட்டன்."

வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு வெளியே போய் ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன்.

"அவவுக்கு எப்பிடிப் போகும்? அவவை நான் பிளாக் பண்ணியெல்லோ வைச்சிருக்கன்!"

வேலிக்கு அந்தப் பக்கம்தானே, போய்ச் சொல்லுங்கள் என்றேன். உம்றா முடித்து வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மக்காவிலிருந்து

அவர் போன ஐந்தாம் நாள் ராத்தா மௌத்தானார். பின்னேரம் என் போன் அடித்தது. செய்தி கேட்டு ஹாஜியார்தான் எடுத்தார்.

"பிளாக்கை எடுத்திட்டன் மகள். அந்த மெசேஜ் இனிப் போகுமா?"

ஹாஜியார் யன்னல் பக்கமாகவே திரும்பி வந்தார், துணியும் நல்ல நீளம்.