பனியன் துணி சுற்றிய தூண்

சிவில் மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்காக வீரபாண்டியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பனியன் கம்பெனிக் கட்டடத்துக்குப் போனேன். புதுக் கான்கிரீட் காய்ந்து வெடிக்காமல் இருக்க, தூண்களுக்குத் தண்ணீர் ஊற்றும் அக்கா ஒருவர் அங்கே இருந்தார். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார். மற்ற இடங்களில் சாக்குச் சுற்றுவார்கள். அவர் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றுவார். காய்ச்சல் பார்ப்பதுபோல அடிக்கடி புறங்கையைத் தூணில் வைத்துப் பார்ப்பார்.

“சாக்கு மத்தியானமே காஞ்சு போயிருது கண்ணு. இது பொழுதுக்கும் ஈரமா இருக்கும்” என்றார்.

நான் போட்டோ எடுத்தேன்.

“இதைப் போயி எதுக்குக் கண்ணு புடிக்கற?”

“சும்மாதானுங்கக்கா.”

இறுதியாண்டில் அந்தப் பனியன் துணி முறைதான் என் புராஜெக்ட். “யாரோட ஐடியா?” என்று கேட்டார் தேர்வாளர்.

“என்னோடதுதான் சார்.”

முதல் பரிசு கிடைத்தது. புராஜெக்ட் அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் பைண்டிங் கடைக்காரர்கூட இருந்தார். அக்காவின் பெயரை நான் கேட்டதே இல்லை. அதை மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அட்டைப் படத்தில், தூணின்மேல் வைத்திருந்த அவருடைய புறங்கையை, அச்சுக்குக் கொடுக்கும் முன் நானேதான் வெட்டி எடுத்தேன்.