நட்டக்குத்தலாக நின்ற வைப்பர்

நாற்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர், இனிமேல் மலைப்பாதையில் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாளாவது போய்த் தலையைக் காட்டாவிட்டால் அங்கே ஒரு சோலியும் நடக்காது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வேறு வழியில்லாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். மலை அடிவாரத்து முந்தலுக்கு மேலே முதல் கொண்டை ஊசி வளைவை நானாகத் திருப்பிய அன்று எனக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததா என்பது சந்தேகம்தான். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் கையால் ஓட்டினேன், அவர் இடது பக்கம் உட்கார்ந்து வாயால் ஓட்டினார். ஆரன் அடி, கியரை இறக்கு, பஸ்சுக்கு வழி விடு என்று முந்தலில் ஆரம்பித்தால் மெட்டு வரைக்கும் ஓயாது. பழகிவிட்டது. சில நாள் அவர் தூங்கிவிட்டால் எனக்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

போன வருடம் ஆடி மாதம் அது நடந்தது. ஆடியில் கீழே நாங்கள் இருக்கும் போடியில் காற்றும் புழுதியும்தான். மெட்டை நெருங்கினால் மழையும் மஞ்சும் சேர்ந்து அடிக்கும். மத்தியானம் தோட்டத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மெட்டிலிருந்து இறங்கி மூன்றாவது வளைவில் வண்டியைத் திருப்புகிறேன், வைப்பர் நின்றுவிட்டது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்பதற்குள் இடது பக்க மூக்கு தடுப்புச் சுவரில் கரகரவென்று உரசியது. அந்தச் சுவருக்கு அப்பால் வெறும் மஞ்சுதான் இருந்தது.

அவர் இறங்கி முன்பக்கம் போய்ப் பார்த்தார். பின்னால் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்புகள் வரிசையாக நின்று ஆரன் அடித்தன. அவர் திரும்பி வந்து, உள்ளே கையை நீட்டி வைப்பர் சுவிட்சைத் தட்டினார். ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். ஒன்றுமே நடக்காதது போல வைப்பர் ஓடியது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

"பதட்டத்துல உன் கை பட்டு ஆஃப் ஆயிருச்சு" என்றார்.

நான் தொடவே இல்லை என்றேன். தொடாமல் எப்படி நிற்கும், இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டார்.  வீடு வரைக்கும் வைப்பர் ஓடிக்கொண்டே வந்தது. முந்தலில் மழையே இல்லாமல் வெயில் அடித்தபோதும் அது காய்ந்த கண்ணாடியைக் கிறீச் கிறீச்சென்று தேய்த்துக்கொண்டு வந்தது. எனக்கு அதை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது ரொம்பத் தன்மையாக, மலை ரோட்டுக்கு ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாம், நீ ஊருக்குள் ஓட்டு போதும் என்றார். அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் போனிலும் பேசிவிட்டார். அந்த ஆள் திங்கட்கிழமை முதல் வருவதாக ஏற்பாடு. ஊருக்குள் ஓட்டுவதென்றால் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும். அதற்கு எனக்குக் கார் எதற்கு, காலே போதும்.

அதைவிட மோசம், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை கை பட்டிருக்குமோ? பயத்தில் என்ன செய்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? அடுப்பில் தோசைக்கரண்டியைப் பிடிக்கும்போதுகூட என் இடது கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வழக்கமாகப் போகிற ஒர்க்ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஃபியூஸைக் கழற்றிப் பார்த்து நல்லாயிருக்கு என்றார். மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்து அதுவும் நல்லாயிருக்கு என்றார். ரிலே, வயர், பிளேடு எல்லாமே நல்லாயிருக்கு. சுவிட்சை இருபது தடவை போட்டுப் போட்டு நிறுத்தினார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று யாராவது சொன்னால் மனிதர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர் ஒவ்வொன்றாக நல்லாயிருக்கு என்று சொல்லச் சொல்ல, இன்னும் என்ன பாக்கி என்று நான் எண்ணிக்கொண்டு நின்றேன். எல்லாம் நல்லாயிருந்தால் மிச்சம் நான் ஒருத்திதான்.

தேவாரம் ரோட்டில் ஜீப்புகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் ஒரு எலக்ட்ரீசியன் இருக்கிறார் என்று பால்காரர் சொன்னார். வெள்ளிக்கிழமை நானும் கணவரும் அங்கே போனோம். தகரக் கொட்டகை, ஒரு மேஜை, சுவர் முழுக்கத் தொங்கும் வயர்கள். ஆள் நாற்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. நான் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கணவர் பக்கத்தில் நின்று, கை பட்டிருக்கும் தம்பி என்று இடையில் இரண்டு தடவை சொன்னார். எலக்ட்ரீசியன் வண்டியின் பக்கமே போகவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நின்னப்ப பிளேடு எங்க நின்னுச்சுக்கா? கீழ படுத்துருச்சா, நட்டக்குத்தலா நின்னுச்சா?"

எனக்கு அந்தக் கண்ணாடி அப்படியே கண் முன்னால் வந்தது. வெள்ளைக் கண்ணாடியின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு மேலே பார்த்து நின்றது. நட்டக்குத்தலாகத்தான் நின்றது என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணே" என்றார்.

என் கணவரிடம் ஆயிரம் குறை சொல்வேன், பொய் சொல்வார் என்று மட்டும் சொல்லமாட்டேன். கொஞ்சம் யோசித்தார்.  பிறகு, "நடுவுலதான் நின்னுச்சு" என்றார்.

"அப்ப அக்கா கை படல" என்றார் எலக்ட்ரீசியன். வண்டியில் ஏறி வைப்பரைப் போட்டார். பிளேடு பாதி வழியில் மேலே போகும்போது சுவிட்சை ஆஃப் செய்தார். பிளேடு நிற்கவில்லை. மிச்ச வழியையும் போய், திரும்பி வந்து, கீழே ஒழுங்காகப் படுத்துக்கொண்டது. இன்னொரு தடவை செய்து காட்டினார். அப்போதும் படுத்தது. கையால் நிறுத்தினால் அது வீட்டுக்கு வந்துதான் படுக்கும், கரண்டே அறுந்தால்தான் பாதியில் நிற்கும் என்றார். நான் அவருடைய மர ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.  இரண்டு நாளாக நான் சுமந்துகொண்டிருந்த பாரம், ஒரு பிளேடு படுத்ததில் இறங்கிவிட்டது.

ஆனால் கரண்ட் எங்கே அறுகிறது என்பது தெரிய வேண்டுமே. அவரும் எல்லாவற்றையும் சோதித்தார், அவருக்கும் எதுவும் அகப்படவில்லை. கடைசியில், மலையிலிருந்து எப்படி வருவீர்களோ அப்படியே லோடோடு நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். மலைக்குப் போகிற வண்டியைக் காலியாக வைத்துப் பார்த்தால் கோளாறு முகம் காட்டாதாம். ஜீப்பாக இருந்தால் ஆட்களை ஏற்றச் சொல்லியே பார்ப்பாராம்.

மறுநாள் சனிக்கிழமை. பின்சீட்டில் இரண்டு மூட்டை, கீழே உரப்பை, மழைக்கோட்டு, குடை, தூக்குவாளி என்று ஒன்று விடாமல் ஏற்றினேன். கணவரையும் இடது பக்கம் ஏற்றினேன், அவரும் லோடில் சேர்த்திதானே. அவர் கையில் சாம்பிள் பை இருந்தது.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் உலர்ந்ததும், ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு பிடி எடுத்து வியாபாரிக்குக் காட்ட ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொடுக்கும் சாம்பிளும் அதில்தான் வரும். அந்தப் பையை வைத்துக்கொண்டு அவர் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. கீழே வைத்தால் உர வாசனை ஏறிவிடும். டேஷ்போர்டில் வைத்தால் வெயில் பட்டுப் பச்சை வெளுத்துவிடும். பின்னால் போட்டால் மூட்டை அமுக்கிக் காய் வெடித்துவிடும். மடியில் வைத்தால் தூங்கும்போது நழுவிவிடும். ஏலக்காய்க்காரன் பிள்ளையைக்கூட இப்படித் தாங்கமாட்டான். அன்றும் ஏறி உட்கார்ந்தவுடன், இரண்டு வருடமாகச் செய்கிற மாதிரி, பையின் காதை வைப்பர் சுவிட்சில் மாட்டினார். நானும் இரண்டு வருடமாகப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

எலக்ட்ரீசியன் பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தார். வைப்பரைப் போட்டுக்கொண்டு ரயில்வே கேட்டுப் பக்கம் ஓட்டச் சொன்னார். நல்ல வெயிலில் வைப்பர் போட்டுக்கொண்டு போகிற காரை ரோட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்டவாளத்தில் வண்டி ஏறித் தூக்கிப் போட்டது. பை துள்ளி ஆடியது. வைப்பர் நட்டக்குத்தலாக நின்றது.

என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. எடுக்கவே இல்லை. வண்டியை ஓரம் கட்டிய பிறகும் அப்படியே பிடித்துக்கொண்டு, "என் கையப் பாருங்க" என்றேன். கணவர் பார்த்தார்.

எலக்ட்ரீசியன் பின்னாலிருந்து கையை நீட்டிப் பையைக் கழற்றிச் சுவிட்சைத் தட்டினார். வைப்பர் ஓட ஆரம்பித்தது. மாட்டினார், ஆட்டினார், நின்றது. கழற்றித் தட்டினார், ஓடியது.   கொட்டகைக்குத் திரும்பி வந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள மூடியைப் பிரித்து சுவிட்சை வெளியே எடுத்தார். உள்ளே பித்தளைத் தகடு தேய்ந்து பளபளத்தது. அதைத் தாங்குகிற பிளாஸ்டிக்கில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். பை தொங்கித் தொங்கி விரிசல் விட்டிருக்கிறது, வளைவில் பை ஆடும்போது தகடு தூக்கிக்கொள்கிறது, பையை எடுத்துத் தட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்று விளக்கினார். அன்றைக்கு வளைவில் என் கணவர் இறங்கிப் பார்க்கப் போனபோது பையையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் போனார். மழையில் நனைந்தாலும் பரவாயில்லை, பையை விட்டு இறங்குகிற ஆள் அவரில்லை. நனைந்த பையை மறுபடி மாட்டாமல் வீடு வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒர்க்ஷாப்பில் நின்ற வண்டியில் பை ஏது?

எனக்குச் சிரிப்பு வந்தது. விட்டால் கத்தியும் இருப்பேன். இரண்டு நாளாக என் கையை நானே சந்தேகப்பட்டேனே, அதற்கு இந்தப் பையை அவர் தலையில் கொட்டியிருக்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வகுப்பில் எழுப்பிவிடப்பட்ட பையனைப் போல நின்றார்.

புது சுவிட்ச் மாட்டி முடிய ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் அவர் போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போனார். யாரிடம் பேசுகிறார் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. காற்று பலமாக இருந்ததால் சத்தமாகத்தான் பேசினார்.

"தம்பி, திங்கக்கெழம நீங்க வர வேணாம். வண்டியிலதான் கோளாறு, தப்பா நெனச்சுட்டேன். மலைக்கு எங்க வீட்டுலயே ஓட்டுறாங்க. நல்லா ஓட்டுறாங்க."

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகப் போகிறது. யாரிடம் பேசினாலும் என்னை 'அவ' என்றுதான் சொல்வார், 'ஓட்டுறா' என்றுதான் சொல்வார். அந்த 'ங்க'வை நான் அதுவரை கேட்டதே இல்லை.  எலக்ட்ரீசியன் சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டு போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு மூச்சு அழுதுவிடலாம் போலத்தான் இருந்தது. அழுதால் கண்ணை மறைக்கும், ஓட்ட வேண்டியவள் நான் என்பதால் அடக்கிக்கொண்டேன்.