மூன்று கேசட்டும் ஒரு கொலுவும்

கீழ் வீட்டு தாதா (ரவுடி இல்லை, பெங்காலியில் அண்ணன்) எங்கள் வயர்லெஸைத் திருடுகிறார் என்று நான் முதலில் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இல்லை, நம்பினேன். மூன்று நாள் முழுசாக நம்பினேன். மாடியில் குழாய் மெலிந்தால் கீழே யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வங்காளிகள் நடுவே பெஹாலாவில் பதினேழு வருஷம் மாடி வீட்டில் குடியிருந்தவனுக்கு இந்தக் கணக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. குழாய்க்குப் போட்ட அதே கணக்கை ஃபைலுக்கும் போட்டேன்.

அது இரண்டாயிரத்துகளின் பிற்பகுதி. எங்கள் தெரு துர்கா பூஜைக் கமிட்டியின் செயலாளர் ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் மூன்று வீடியோ கேசட். தொண்ணூறுகளில் நடந்த பூஜைகளை யாரோ கேமரா தோளில் சுமந்து எடுத்தவை. அவற்றிலிருந்து அரை மணி நேரப் படம் ஒன்று செய்து, அஷ்டமி மாலை பந்தலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரை கட்டிப் போட வேண்டும். உறவுக்காரக் கல்யாண வீடியோக்களை என் மனைவி லேப்டாப்பில் வெட்டி ஒட்டுகிறாள் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"பௌதி, நீங்கதான் பண்ணித் தரணும்" என்றார். பௌதி என்றால் அண்ணி. என்னைப் பார்க்கவே இல்லை.

அதுவரை அந்தத் தெருவில் நாங்கள் சுண்டல் கொடுக்கும் மதராஸி வீடு, அவ்வளவுதான். அவள் அன்று ராத்திரி சப்பாத்தி இடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். படத்துக்கு எந்தப் பாட்டு, எங்கே சிரிப்பு வரும் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிட்டது. மீதி வேலை என்னுடையது. கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அவள் லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டும்.

"வயர்லெஸ் வாங்கி வெச்சிருக்கேன் பாரு, எல்லாம் காத்துலயே போயிடும்" என்றேன்.

ஹாலில் பெரிய கம்ப்யூட்டர், படுக்கையறையில் லேப்டாப், நடுவில் என் வாய்ச்சவடால். ஒவ்வொரு கேசட்டும் கம்ப்யூட்டருக்குள் போனதும் பதிமூன்று ஜிபி ஆனது. என்னிடமிருந்த பென் டிரைவ் ஒரு ஜிபி. பாலாடையை வைத்துக்கொண்டு குளத்தை இறைக்க முடியாது. ஆனால் முதல் கேசட் ஒன்றரை மணி நேரத்தில் காற்றிலேயே போய்ச் சேர்ந்தது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

மறுநாள் மகாளய அமாவாசை. வழக்கம்போல் கொலுப்படி கட்டினேன். இரண்டு நாள் கழித்து இரண்டாவது கேசட்டை அனுப்பினேன். திரையில் 'மீதமுள்ள நேரம் பதினான்கு மணி' என்று வந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் இருபத்தாறு மணி. காபி குடித்தது தப்போ என்று தோன்றியது.

பதற்றத்தில் பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தேன். கீழ் வீட்டு தாதா, தலை நரைத்த மனிதர், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கறுப்பாக, தட்டையாக ஒரு சாமான். பத்து விரலும் அதன் மேல் பறந்துகொண்டிருந்தன. பந்தல் மைக் அலறியதில் வேறொன்றும் கேட்கவில்லை. அப்படித் தட்டுகிறவர் எதையாவது சும்மாவா இறக்குவார்?

உள்ளே ஓடி வந்து பாஸ்வேர்டை மாற்றினேன். அனுப்பியது அறுந்து முதலிலிருந்து ஆரம்பித்தது, நேரம் மட்டும் குறையவில்லை. மறுபடி மாற்றினேன். மூன்றாவது தடவை நம் சமையலறை டப்பாக்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சேர்த்து நீளமாக ஒன்று வைத்தேன். எந்த வங்காளியாலும் ஊகிக்க முடியாது. சாயங்காலம் என்னாலும் முடியவில்லை. உளுந்துக்கு அப்புறம் வெந்தயமா, வெந்தயத்துக்கு அப்புறம் உளுந்தா?

"ஏன்னா, ஃபைல் ஹால்லேர்ந்து ரூமுக்குப் போறது. அதுக்கு எதுக்குப் பாஸ்வேர்ட மாத்திண்டே இருக்கேள்?"

"உனக்குத் தெரியாது. கீழ உறிஞ்சறா."

"என்னத்த உறிஞ்சறா, ரசமா?"

அவளுக்கு என்ன தெரியும் என்று இணைப்புக்காரருக்கு ஃபோன் போட்டு, வேகத்தை ஒரு படி ஏற்றச் சொன்னேன். ஏற்றினார். இணையதளங்கள் சிட்டாகத் திறந்தன. கேசட் மட்டும் நகரவில்லை. அது வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை என்பதும், வெளியே போகாத சாமானுக்கு வெளி ரோட்டை அகலப்படுத்தி என்ன பயன் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. அவள் சொன்னதும் அதைத்தான். ஆனால் ரசத்தோடு சேர்த்துச் சொன்னதால் நான் பொருட்படுத்தவில்லை.

சஷ்டி வந்துவிட்டது. பந்தலில் அம்மன் முகத்திரை விலக்கி டாக் முரசு அடித்தார்கள். இரண்டு கேசட் இன்னும் வரவில்லை. அவள் லேப்டாப் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோபித்திருந்தால் தேவலை.

"செக்ரட்டரி கிட்ட முடியலைன்னு சொல்லிடறேன். ஒரு கேசட்ட வெச்சுண்டு என்ன பண்றது?" என்றாள் மெதுவாக.

அந்த நேரம் பார்த்துத்தான் தாதா வந்தார், கொலு பார்க்க. கையில் சந்தேஷ் பெட்டி. திருடன் ஸ்வீட்டோடு வருகிறான் என்று நினைத்தேன். சுண்டலைக் கையில் கொடுத்தபடி, போலீஸ்காரன் மாதிரி பெங்காலியில் கேட்டேன்:

"தாதா, உங்க வீட்ல ராவும் பகலும் டவுன்லோடு ஓடுதோ?"

"என்ன லோடு?"

"கம்ப்யூட்டர்ல. பால்கனியில உக்காந்து தட்டிண்டே இருக்கீங்களே, பார்த்தேன்."

தாதா சுண்டலை மென்று முடித்தார். "எங்க வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது மோஷாய். அது என் கீபோர்டு. அஷ்டமிக்கு வாசிக்கணும், விரல் மரத்துப் போச்சு, பழகிட்டிருக்கேன். ஏன், சத்தம் ஜாஸ்தியா?"

என் மனைவி திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழவில்லை.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தாதா டெலிபோன் இலாகாவில் லைன் பார்த்து ரிட்டயர் ஆனவர். சாவகாசமாக ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த ரவுட்டர் பெட்டி எங்கே?"

நான் கொலுவைக் காட்டினேன்.

"அது சாமி. பெட்டி எங்கே?"

"அதுக்கு உள்ளேதான் தாதா."

ஹாலின் அந்த மூலையில்தான் கேபிள் வயர் வீட்டுக்குள் வருகிறது. கொலுவும் அந்த மூலையில்தான் கிழக்கு பார்த்து நிற்க முடியும். அதனால் ரவுட்டரை ஸ்டூலோடு மூலைக்குத் தள்ளி, முன்னாலும் பக்கத்திலும் மாமனாரின் ரயில்வே டிரங்குப் பெட்டிகளை அடுக்கி, மேலே பழைய இரும்பு பீரோவின் தட்டுகளைப் போட்டு, வேஷ்டி விரித்திருந்தேன். 'வயரே இல்லாத சாமான், எங்க இருந்தா என்ன?' என்று அப்போது சொன்னது நான்தான். கரண்டு, கேபிள், கம்ப்யூட்டர் என்று மூன்று வயர் அதில் செருகியிருந்தது, அது வேறு விஷயம்.

தாதா வேஷ்டியைத் தூக்கி டிரங்கை விரலால் தட்டினார். டங் என்றது. என்னைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். "அரே பாபா, இரும்பு!" என்றார்.

"இப்பவே வெளியே எடுத்துடறேன்" என்று நான் பாய்ந்தேன்.

"தொடாதேங்கோ!" என்றாள் அவள். "வெச்ச கொலுவ விஜயதசமி வரைக்கும் அசைக்கப்படாது."

"உன் படம் அஷ்டமிக்கு!"

"தெரியும். ஆனாலும் அசைக்கப்படாது."

தாதா இன்னொரு கிண்ணம் சுண்டல் வாங்கிக்கொண்டார். பிறகு, "அந்தப் பெட்டியோட ஒரு வயர் குடுத்திருப்பாங்களே? லேப்டாப்ல நேரா செருகற மாதிரி, நீளமா?" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினோம். கொலுவுக்குப் பின்னால் திரையாகத் தொங்கிய அரக்குப் பட்டுப்புடவை, ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டிய நீல வயரில் தொங்கியது. வயர்லெஸ் வீட்டில் இதற்கு என்ன வேலை என்று நானே அதைக் கொடியாக்கியிருந்தேன்.

அவிழ்த்தோம். புடவைக்கு அவள் பாவாடை நாடா கட்டினாள். நான் குப்புறப் படுத்து, சுவரோரம் இருந்த சந்தில் தோள் வரைக்கும் கையை விட்டேன். தாதா டார்ச் பிடித்தார்.

"இடது பக்கம். இன்னும். மோஷாய், அது கரண்டு வயர், அத விடுங்க!"

"ஏன்னா, தசாவதாரம் ஆடறது! வாமனர் சாயறார்!"

"பிடிச்சுக்கோ!"

"பிடிச்சுண்டுதான் இருக்கேன். நீங்க மூச்சு விடாதேங்கோ!"

மூச்சை அடக்கியபடி விரலால் துளையைத் தேடினேன். க்ளிக் என்றது. மூவரும் ஒரே சமயத்தில் "ஆ" என்றோம். லேப்டாப்பைக் கொலுவுக்கு முன்னால் மணைமேல் வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதன் மூலையில் துளி குங்குமம் வைத்தாள். அந்தக் குங்குமம் அதை விற்கும்வரை போகவில்லை.

அஷ்டமி மாலை தாதா கீபோர்டு வாசித்து முடித்ததும் படம் ஓடியது. முதல் சிரிப்பு எனக்குத்தான். மூன்றாவது கேசட்டில், தொண்ணூறுகளின் விஸர்ஜன ஊர்வலத்தில், தலை நிறைய முடியோடு ஒருவன் ஒரு கையால் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறான். நான்தான். அந்த இடத்தை அவள் இரண்டு தடவை ஓட விட்டிருந்தாள். தெருவே கத்தியது. செயலாளர் மைக்கில் அவளை மேடைக்குக் கூப்பிட்டார், "எங்க பௌதி" என்று. அவள் போனாள். கை கூப்பினாள். நான் விசிலடித்தேன்.

யாரும் எதையும் திருடவில்லை. ரவுட்டரை இரும்புக்குள் வைத்து மூடியவன் நான். அந்த நீல வயரில் ஒவ்வொரு கேசட்டும் இருபது நிமிஷத்தில் வந்து சேர்ந்தது.