பதினேழாவது ஓவர், நாலாவது பந்து

நேற்று மட்ச்சுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் இதைக் கடைசிவரை வாசியுங்கள். உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்தும் மூன்று பேர் போனார்கள். இவர், மகள், மகன்.

நான் போகவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் இதே மைதானத்துக்கு நாலு பேருமாகப் போயிருக்கிறோம். பிள்ளைகளுக்கு அரை டிக்கெட்டை விடவும் குறைவு. ரயில், தண்ணீர்ப் போத்தல், மகன் அழுது வாங்கிய கொடி எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டு பவுண்ட். (என் கணக்குக் கொப்பியில் எழுதியிருக்கிறது. கொடி இரண்டு பவுண்ட். திரும்பி வரும்போது, எங்கள் சட்டன் ஸ்டேஷன் வர முன்பே தடி முறிந்துவிட்டது.)

இந்த முறை இலங்கை மட்ச். பிள்ளைகளுக்கும் முழு விலை. ஆளுக்கு நாற்பத்தைந்து பவுண்ட்! அதற்கு மேல் டிக்கெட்டுக்கு டிக்கெட் புக்கிங் ஃபீ. (கம்ப்யூட்டரில் தட்டி புக் பண்ணியது நாங்கள். பிறகு ஃபீ யாருக்கு?)

மூன்று பேருக்கென்றால் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். நாலாவது டிக்கெட்டையும் எடுத்தால் அந்த மாதக் கவுன்சில் டாக்ஸுக்கு எடுத்து வைத்த காசில் கை வைக்க வேண்டும்.

அதனால் ஒரு பொய் சொன்னேன். அன்றைக்குப் பிரதோஷம், எனக்கு விரதம், கோயிலுக்குப் போக வேண்டும் என்று.

பிரதோஷம் முடிந்து இரண்டு நாள். ஆனால் எங்கள் வீட்டில் நாட்காட்டி பார்ப்பது நான் ஒருத்திதான்.

இவர் ஒரே ஒருமுறை கேட்டார். "இஞ்சேரும், சிவன் ஒருநாள் லீவு தரமாட்டாரோ?"

"கிரிக்கெட்டுக்கெல்லாம் தரமாட்டார். நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் கவலைதான். இன்னொருமுறை கேட்டிருக்கலாம்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் கிரிக்கெட் தெரிந்த ஆள் நான்தான்.

கல்யாணமாகி லண்டனுக்கு வந்த புதிதில் இவருக்கு ஹவுன்ஸ்லோவில் இரண்டு ஷிப்ட். எனக்கு இங்கிலீஷும் தெரியாது, கதைக்க ஆளும் கிடையாது. ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை மட்டும் காலையிலிருந்து பின்னேரம் வரை ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இங்கிலீஷ் படித்தேன். (முதலில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மழை, மேகம், புறா, கேக்! வர்ணனைக்காரர்கள் ஆட்டத்தை விட அதுகளைப் பற்றித்தான் கூடக் கதைப்பார்கள்.) ஸ்கோர் எழுதவும் நானாகவே பழகினேன். கொப்பியின் முன்பக்கத்தில் வீட்டுச் செலவு. பின்பக்கத்தில் கட்டம் கீறி, பந்துக்கு ஒரு குறி.

நேற்று ரோல்ஸ் பொரித்துக் கட்டிக் கொடுத்து மூன்று பேரையும் அனுப்பினேன். சொன்ன பொய்யைப் பாதியாவது உண்மையாக்குவோம் என்று விரதமும் இருந்து, காலையிலேயே விம்பிள்டன் கோயிலுக்கும் போனேன். உள்ளே ஐயரும் நானும்தான்.

"சனமெல்லாம் மட்ச்சுக்கு வெளிக்கிட்டுது. நீங்கள் போகேல்லையோ அம்மா?"

ஐயரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "டிக்கெட் மூண்டுதான் ஐயா."

அவர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டார். நான் கொடுத்த மூன்று பெயர்களையும் சொல்லி அர்ச்சனை செய்தார். கடைசியில் என் பெயரையும் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து குசினி மேசையில் ரேடியோவையும் கொப்பியையும் வைத்துக்கொண்டு இருந்தேன். பிரிட்ஜ் இரைகிற சத்தமும் வர்ணனையும்தான் துணை. விக்கெட் விழுந்தால் சொல்ல ஆளில்லை. சுவரிலிருந்த சாமிப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். (அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.)

பதினேழாவது ஓவர். மூன்று பந்து எழுதியாயிற்று. நடையில் இருந்த போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

மகன். அக்காவின் மொபைலில் பேசினான்.

"அம்மா, ரிவர்ஸ் ஸ்வீப் எண்டால் என்ன? அப்பாக்குத் தெரியேல்லை. நீங்கள் வந்திருந்தால் உங்களைக் கேட்டிருப்பன்."

நான் வாய் திறக்க முன்பே, "பொறுங்கோ, போனைத் தூக்கிப் பிடிக்கிறன், கேளுங்கோ" என்றான்.

அப்போது எழும்பியது பாருங்கள் ஒரு சத்தம்! அத்தனை பேரும் ஒரே தொண்டையால் கத்துகிற மாதிரி. நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த நடையில் நின்றேன். அந்த ஒரு நிமிஷம் நானும் மைதானத்தில்தான் இருந்தேன்.

பிறகு லைன் கட்டாகிவிட்டது.

நான் திரும்பி ஓடிவரும்போதுதான் ஐந்தாவது பந்தைப் போட்டார்கள். ஸ்கோரைச் சொன்னார்கள். ஐந்தாவது பந்துக்கு இரண்டு ஓட்டம், அதைக் கழித்தால் பழைய ஸ்கோரேதான். ஆடுகிறவர்களும் அதே இரண்டு பேர். ஆக நாலாவது பந்தில் ஓட்டமும் இல்லை, விக்கெட்டும் இல்லை. கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

அப்படியென்றால் அந்தச் சத்தம் எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மூன்று பேரையும் பிடித்துக் கேட்டேன். மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றானாம். மகள், கிரெடிட் முடியப்போகுது, வை என்று அவனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாளாம். இவர், தானும் ஒரு வார்த்தை என்னோடு கதைப்போம் என்று போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு இருந்தாராம்.

நூற்றி முப்பத்தைந்து பவுண்ட். ஃபீ வேறு. மூன்று பேரில் ஒருவர்கூட அந்தப் பந்தைப் பார்க்கவில்லை!

பிரதோஷ விஷயத்தை இங்கே துணிந்து எழுதுகிறேன். இவருக்கு ஃபேஸ்புக் கிடையாது. மகளுக்கு உண்டு, ஆனால் என்னை இன்னும் பிரெண்டாகச் சேர்க்கவில்லை.

கணக்குச் சரிதான். ஆனாலும் இன்று காலையிலிருந்து கொப்பியைத் திறந்து அந்தப் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பதினேழாவது ஓவர், நாலாவது பந்து. எல்லோரும் ஏன் கத்தினீர்கள்?