எனக்காக எழுந்து நின்றார்

பனையிலிருந்து விழுந்த என் கணவரை மாட்டுவண்டியில் தென்காசிக்குக் கொண்டுபோனோம். இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மனம் தளராமல், குற்றாலத்து வைத்தியர் கொடுத்த எண்ணெயைக் கால்களில் தேய்த்தபடி, "ஐப்பசிக்குள்ள எந்திரிச்சிருவிய" என்று தினமும் சொல்லிவந்தேன்.

ஒருநாள் தண்ணீர் எடுத்துத் திரும்பியபோது, நெற்றி உடைந்து கட்டிலடியில் கிடந்தார். பதறிப்போய் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

"ஏன் இப்படிச் செஞ்சிய?"

"நீ தெனமும் சொல்லுதியே. ஒனக்காவ நின்னு பாத்தேன். முடியல, ஏட்டி."

காயம் ஆறிவிட்டது. கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. இப்போதும் எண்ணெய் தேய்க்கிறேன், நடப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் அழும்போது, அழாதீர்கள் என்று சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, கீழப்பாவூர்